ஐந்து வருஷம் கழிந்தால் துப்பாக்கி உரிமை திரும்பிவிடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் அமெரிக்கக் குடிமகன். ஹூஸ்டன் பக்கம் கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த ஒரு கடை நடத்துகிறார். 2011-இல் பண விவகாரத்தில் அவர் மேல் ஒரு ஃபெலனி, அதாவது பெருங்குற்ற வழக்கு வந்தது. ஜெயிலுக்குப் போகவில்லை, ப்ரொபேஷன், அதாவது கண்காணிப்பில் வெளியே இருக்க அனுமதி கொடுத்தார்கள், அது 2016-இல் முடிந்தது. கடையில் இரண்டு முறை கொள்ளை நடந்த பிறகு கல்லாவுக்குக் கீழே ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள நினைக்கிறார். டெக்சாஸில் ஐந்து வருஷம் கழிந்தால் உரிமை தானாகத் திரும்பிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா, இல்லையென்றால் சட்டம் இளகிய வேறு மாநிலத்துக்குப் போனால் சரியாகுமா, அதுவும் ஆகாதென்றால் அண்ணி பெயரில் வாங்கலாமா என்று மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: நாளைக்குக் கடையில் துப்பாக்கியோடு போலீஸ் அவரைப் பார்த்தால் பிடித்துக்கொண்டு போவார்களா? நீங்கள் எழுதிய விவரம் அப்படியே சரி என்றால், பிடித்துக்கொண்டு போக வாய்ப்பு உண்டு. அதுவும் ஓர் அரசு அல்ல, இரண்டு அரசுகள் வழக்குப் போடலாம்.

நான் வக்கீல் இல்லை. டெக்சாஸில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் ஒரு சின்ன அலுவலகத்தில் பதினான்கு வருஷம் பாராலீகலாக இருந்தேன். கோர்ட் கட்டுகளைத் தேடி எடுப்பது, பழைய தீர்ப்பைப் படித்து வக்கீலுக்குக் குறிப்பு எழுதுவது, மன்னிப்பு மனுவுக்குப் படிவம் நிரப்புவது, இதுதான் வேலை. துப்பாக்கி உரிமை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். பாதிப்பேர் கையில் இணையத்திலிருந்து அச்சிட்ட அதே டெக்சாஸ் பிரிவு இருக்கும், மஞ்சள் மார்க்கர் போட்டு. அதனால் இதில் எது உறுதி, எது இன்னும் கோர்ட்டுகளில் இழுபறியாக இருக்கிறது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியும். அண்ணனுடைய தீர்ப்பு நகலைப் பார்க்காமல் அவர் விஷயத்தில் முடிவு மட்டும் சொல்ல முடியாது. பார்க்காமலே சொல்கிறவர் யாரையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆரம்பத்திலேயே ஒரு குழப்பம் வரும். நம் ஊரில் துப்பாக்கி என்றால் லைசென்ஸ். கலெக்டர் ஆபீஸுக்கு மனு, போலீஸ் விசாரணை, எதற்கு வேண்டும் என்ற காரணம். அரசு கொடுத்தால்தான் உண்டு. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி, வன்முறைக் குற்றத்துக்கோ ஒழுக்கக்கேடான குற்றத்துக்கோ சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தண்டனை முடிந்து ஐந்து வருஷம் வரை தடை உண்டு. அப்புறம் மனுப் போடலாம், கிடைப்பது வேறு கதை. அமெரிக்காவில் இது தலைகீழ். உரிமை எல்லோரிடமும் முதலிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, சில காரணங்களுக்காக அதைப் பறிக்கிறார்கள். பறிப்பவர்கள் இரண்டு பேர்: மாநில அரசு ஒன்று, வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல் அரசு இன்னொன்று. ஒரே கதவில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் தன் பூட்டைக் கழற்றிவிட்டதாலேயே கதவு திறந்துவிடாது.

சரி, நண்பர்கள் சொல்லும் ஐந்து வருஷக் கணக்கு எங்கிருந்து வருகிறது? டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 46.04-ஆம் பிரிவு. ஃபெலனியில் தண்டனை பெற்றவர் சிறையிலிருந்து விடுதலையான நாள், அல்லது ப்ரொபேஷனோ பரோலோ முடிந்த நாள், இதில் எது பிந்தியதோ அதிலிருந்து ஐந்து வருஷம் வரை எங்கேயும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு, தான் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வைத்திருக்கக் கூடாது. இரண்டாவது வாக்கியத்தை நிதானமாகப் படியுங்கள். உரிமை திரும்பியது என்று அந்தப் பிரிவு எங்கேயும் சொல்லவில்லை. வீட்டுக்குள் இருந்தால் மாநிலம் வழக்குப் போடாது என்கிறது, அவ்வளவுதான். அண்ணனுக்கு 2021-இலேயே ஐந்து வருஷம் முடிந்துவிட்டது, சரி. ஆனால் அவர் குடியிருப்பது வீட்டில், கடையில் இல்லை. கல்லாவுக்குக் கீழே இருக்கும் துப்பாக்கி டெக்சாஸ் சட்டப்படியே குற்றம். மூன்றாம் நிலை ஃபெலனி, இரண்டிலிருந்து பத்து வருஷம் வரை சிறை. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று வந்த சட்டத்தையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர்களுக்குத்தான் அந்தச் சட்டம்.

இது மாநிலத்தின் பூட்டு. ஃபெடரல் பூட்டு இன்னும் கனமானது. 1968-ஆம் வருடத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு வருஷத்துக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்ற யாரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. "விதிக்கத்தக்க" என்ற சொல்தான் பலரைக் கவிழ்க்கிறது. ஜட்ஜ் உண்மையில் எவ்வளவு கொடுத்தார் என்பது இங்கே கணக்கில்லை. அண்ணன் ஒரு நாள் கூட ஜெயிலில் இருக்கவில்லை என்றாலும், அந்தக் குற்றத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் அதிகபட்சத் தண்டனை ஒரு வருஷத்தைத் தாண்டினால் அவர் இந்தத் தடைக்குள் வருகிறார். தடைக்குக் காலவரம்பு கிடையாது. ஐந்து, பத்து, முப்பது வருஷம் போனாலும் தானாக விலகாது. வீட்டுக்கு ஒரு நியாயம், கடைக்கு ஒரு நியாயம் என்பதும் இல்லை. ஒரே ஒரு தோட்டா மேஜை டிராயரில் கிடந்தாலும் வழக்குத்தான். 2022-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அதிகபட்சம் பதினைந்து வருஷம்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒருவர் கதை எனக்கு மறக்காது. மான் வேட்டைக்குப் போகிற குடும்பம். அவருக்கு இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு திருட்டு வழக்கு. மாநிலச் சட்டத்தைச் சரியாகப் படித்து, ஐந்து வருஷம் எண்ணி, அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியை வீட்டிலேயே, படுக்கையறை அலமாரியில் வைத்திருந்தார். பக்கத்து வீட்டுச் சண்டை ஒன்றுக்காக வந்த போலீஸ் அதைப் பார்த்தது. மாநிலம் ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. சில வாரங்களில் ஃபெடரல் வழக்கு வந்தது. மாநிலச் சட்டம் அனுமதிக்கிறதே என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் வக்கீலால் தர முடிந்த பதில், ஃபெடரல் கோர்ட்டில் அது தற்காப்பு ஆகாது என்பதுதான். 2019-இல் ரெஹைஃப் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு சலுகை கொடுத்தது: தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவர் தான் என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும். ஆனால் தான் ஃபெலனியில் தண்டனை பெற்றவர் என்று தெரிந்தால் போதும். அப்படிப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

அப்படியானால் மாநிலங்கள் உரிமையைத் திருப்பிக் கொடுப்பதற்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 1986-இல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஃபெடரல் சட்டத்தைத் திருத்தி, எது தண்டனை என்பதைத் தண்டித்த மாநிலத்தின் சட்டமே முடிவு செய்யட்டும் என்று விட்டது. அந்த மாநிலம் தீர்ப்பை ரத்து செய்தாலோ, பதிவிலிருந்து நீக்கினாலோ, மன்னிப்பு வழங்கினாலோ, குடிமை உரிமைகளைத் திருப்பிக் கொடுத்தாலோ ஃபெடரல் அரசும் அதைத் தண்டனையாக எண்ணாது. கூடவே ஒரு கொக்கியும் போட்டார்கள்: அப்படித் திருப்பிக் கொடுக்கும்போது, துப்பாக்கி மட்டும் கூடாது என்று மாநிலம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் இந்தச் சலுகை செல்லாது.

அந்தக் கொக்கி எவ்வளவு கூர்மையானது என்று 1998-இல் கேரன் வழக்கில் தெரிந்தது. மாசசூசெட்ஸ்காரர் ஒருவருக்கு மாநிலம் ரைஃபிளும் ஷாட்கன்னும் வைத்திருக்க அனுமதி கொடுத்திருந்தது. கைத்துப்பாக்கிக்கு மட்டும் வீட்டுக்கு வெளியே தடை. அவர் வைத்திருந்ததோ மாநிலம் அனுமதித்த நீளத்துப்பாக்கிகள்தான். ஆனாலும் சுப்ரீம் கோர்ட், மாநிலம் ஏதோ ஒரு வகைத் துப்பாக்கிக்காவது இவரை நம்பவில்லை என்றால் ஃபெடரல் சட்டம் எந்த வகைக்கும் நம்பாது என்று சொல்லிவிட்டது. முழுதாகத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் ஒன்றுமே கொடுக்காததுபோலத்தான். இப்போது டெக்சாஸ் பிரிவை மறுபடி பாருங்கள். வீட்டுக்குள் மட்டும் சரி, வெளியே கூடாது. இது அரைகுறைத் திருப்பல். கேரன் தீர்ப்பின் முன்னால் நிற்காது.

குடிமை உரிமைகள் திரும்புவது என்றால் என்ன என்பதிலும் ஒரு சிக்கல். கோர்ட்டுகள் வழக்கமாக மூன்றைப் பார்க்கின்றன: ஓட்டுப் போடுவது, பதவி வகிப்பது, ஜூரியில் உட்காருவது. தண்டனைக் காலம் முழுதும் முடிந்தால் டெக்சாஸில் ஓட்டுரிமை தானாகத் திரும்பும், அண்ணனே ஓட்டுப் போட்டிருப்பார். ஜூரியில் உட்காரும் தகுதி தானாகத் திரும்பாது. ஓட்டுப் போடலாம், அப்படியென்றால் துப்பாக்கியும் வைத்திருக்கலாம் என்று நினைப்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2007-இல் லோகன் வழக்கில், விஸ்கான்சின்காரர் ஒருவர் தன் பழைய மிஸ்டிமீனர் குற்றங்களால், அதாவது ஃபெலனியைவிடச் சிறிய குற்றங்களால், இந்தக் குடிமை உரிமைகளை இழக்கவே இல்லை. இழக்காததை எப்படித் திருப்பிக் கொடுப்பது, ஆகவே திருப்பியதாகக் கருத முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. குறைந்த குற்றம் செய்தவருக்கு அதிகச் சங்கடம். சட்டத்தின் எழுத்தைப் பிடித்தால் அது சரியான தீர்ப்புத்தான். நியாயமா என்று கேட்டால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மற்ற மாநிலங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்த்தால் ஒரே நாடா என்று சந்தேகம் வரும். வர்ஜீனியாவில் கவர்னர் ஓட்டு முதலான உரிமைகளைத் திருப்பிக் கொடுப்பார், துப்பாக்கிக்கு மட்டும் அதன் பிறகு தனியாக சர்க்யூட் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். ஃப்ளோரிடாவில் தண்டனை முழுதும் முடிந்து எட்டு வருஷம் காத்திருந்து, கவர்னரும் அமைச்சர்களும் உட்காரும் கருணை வாரியத்திடம் போக வேண்டும். 2018-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய நான்காவது திருத்தம் அங்கே பலருக்கு ஓட்டுரிமையைத் திருப்பியது. துப்பாக்கியை அது தொடவே இல்லை. ஜார்ஜியாவில் பரோல் வாரியம் கொடுக்கும் மன்னிப்பில் துப்பாக்கி பற்றித் தனியாக எழுதியிருக்க வேண்டும். ஒஹையோவில் கவுண்டியின் காமன் ப்ளீஸ் கோர்ட்டில் மனுப் போட்டு, தண்டனைக்குப் பிறகு ஒழுங்காக வாழ்ந்திருக்கிறேன் என்று காட்டினால் ஜட்ஜ் தடையை நீக்கலாம். மிஷிகனில் சாதாரண ஃபெலனி என்றால் அபராதம், சிறை, ப்ரொபேஷன் எல்லாம் முடிந்து மூன்று வருஷத்தில் தானாகத் திரும்பும். பட்டியலில் உள்ள கடுமையான குற்றங்களுக்கு ஐந்து வருஷம், அதோடு கோர்ட் உத்தரவும் வேண்டும். மினசோட்டாவில் வன்முறைக் குற்றப் பட்டியலில் இருந்தால் வாழ்நாள் தடை, அதை நீக்கத் தகுந்த காரணம் காட்டிக் கோர்ட்டுக்குப் போகலாம்.

கலிஃபோர்னியாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஏமாந்தவர்கள் அதிகம். ப்ரொபேஷன் முடிந்ததும் வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனுப் போடுவார்கள், கோர்ட்டும் செய்யும், எல்லோரும் அதை எக்ஸ்பஞ்ச்மென்ட், அதாவது பதிவு நீக்கம், என்று சொல்லிச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். ஆனால் அந்தத் தள்ளுபடி துப்பாக்கித் தடையை நீக்காது என்று அந்தச் சட்டப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஃபெலனியாகவும் மிஸ்டிமீனராகவும் நடத்தக்கூடிய குற்றமாக இருந்தால், அதை மிஸ்டிமீனராகக் குறைக்கச் சொல்லித் தனியாக இன்னொரு மனுப் போட வேண்டும். ஃபெலனியால் வந்த தடைக்கு வேலை செய்வது அந்த இரண்டாவது மனு. ஒரே ஜட்ஜ், ஒரே நாள், இரண்டு காகிதங்கள்; ஒன்றை விட்டுவிட்டுப் பத்து வருஷம் கழித்துத் துப்பாக்கிக் கடையில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது.

வட கரோலினாவில் நடந்தது இன்னொரு மாதிரி. 1979-இல் ஒரு போதைப்பொருள் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் ஒருவருக்கு 1987-இல் துப்பாக்கி உரிமை திரும்பியது. 2004-இல் சட்டசபை விதியை இறுக்கி, அவரிடமிருந்து மறுபடி பறித்தது. இடையில் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. 2009-இல் அந்த மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட் பிரிட் வழக்கில் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது, மாநில அரசியலமைப்பின் அடிப்படையில். அதற்கடுத்த வருஷமே சட்டசபை, வன்முறையில்லாத ஒரே ஒரு ஃபெலனி உள்ளவர்கள் இருபது வருஷம் கழித்து மனுப் போடலாம் என்று வழி வைத்தது. திரும்பக் கிடைத்தது நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். சட்டசபை மாறினால் விதியும் மாறும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, மாநிலம் மாறுவது. உதவாது, இது உறுதி. ஃபெடரல் சட்டம் பார்ப்பது தண்டித்த மாநிலத்தின் சட்டத்தை, குடியிருக்கும் மாநிலத்தின் சட்டத்தை அல்ல. அண்ணன் ஒஹையோவுக்குப் போய் அங்கே மனுப் போட்டு ஜெயித்தாலும், ஒஹையோவால் டெக்சாஸ் தீர்ப்பை அழிக்க முடியாது. போதாததற்கு, போகிற மாநிலத்தின் சொந்தத் தடையும் மேலே வந்து சேரும். ஃபெடரல் கோர்ட்டில் தண்டனை பெற்றவர்கள் நிலைமை இன்னும் மோசம். 1994-இல் பீச்சம் வழக்கின்படி, ஃபெடரல் தண்டனையால் வந்த தடையை எந்த மாநிலமும் நீக்க முடியாது. அவர்களுக்கு நடைமுறையில் ஜனாதிபதி மன்னிப்பு ஒன்றுதான் நம்பகமான வழியாக இருந்துவந்திருக்கிறது.

மிஸ்டிமீனர்தானே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாநிலம் மிஸ்டிமீனர் என்று பெயர் வைத்தாலும், அதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை விதிக்க முடியும் என்றால் ஃபெடரல் தடை உண்டு. மேரிலாந்தில் இரண்டாம் நிலைத் தாக்குதல் பெயரளவில் மிஸ்டிமீனர்தான், அதிகபட்சம் பத்து வருஷம். மாசசூசெட்ஸில் முதல் முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டினாலே இரண்டரை வருஷம் வரை விதிக்கலாம். அந்த அரை வருஷம் ஆளை ஃபெடரல் தடைக்குள் தள்ளிவிடும். குடும்ப வன்முறை என்றால் எவ்வளவு சின்ன மிஸ்டிமீனராக இருந்தாலும் 1996-இலிருந்து தனித் தடை இருக்கிறது.

சரி, அண்ணனுக்கு வழியே இல்லையா? டெக்சாஸிலேயே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கவர்னர் மன்னிப்பு. டெக்சாஸ் கவர்னர் நினைத்த மாத்திரத்தில் மன்னிக்க முடியாது. மன்னிப்பு மற்றும் பரோல் வாரியத்தின் பெரும்பான்மை எழுத்தில் பரிந்துரைத்தால்தான் அவரால் கையெழுத்திட முடியும். கிடைப்பது அரிது. நான் நிரப்பிய படிவங்களில் எத்தனை பலித்தன என்று எண்ண ஒரு கை விரல்களே அதிகம். இரண்டாவது, ப்ரொபேஷன் நல்லபடியாக முடிந்தபோது ஜட்ஜ் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்து குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்திருப்பது. இதை வக்கீல்கள் ஜுடிஷியல் கிளெமென்சி என்பார்கள். 2002-இல் கியூயார் வழக்கில் டெக்சாஸின் உயர் கிரிமினல் கோர்ட், இப்படி ரத்தான தீர்ப்பை வைத்து ஒருவரைத் துப்பாக்கி வழக்கில் ஃபெலனி குற்றவாளி என்று சொல்ல முடியாது என்றது. ப்ரொபேஷன் முடிந்த எல்லோருக்கும் இது கிடைப்பதில்லை. அது ஜட்ஜின் விருப்பம், கேட்டிருக்க வேண்டும், உத்தரவில் இருக்க வேண்டும். வெறுமனே ப்ரொபேஷனிலிருந்து விடுவித்த உத்தரவும், தீர்ப்பை ரத்து செய்து விடுவித்த உத்தரவும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பல சமயம் வித்தியாசம் ஒரே பத்திதான்.

இதுவரை சொன்னது நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. இனி வருவது ஆடிக்கொண்டிருக்கும் பகுதி. ஃபெடரல் சட்டத்திலேயே தனிநபருக்குத் தடைநீக்கம் தரும் ஒரு பிரிவு உண்டு. ஆனால் 1992-இலிருந்து, தனிநபர் மனுக்களை ஏடிஎஃப், அதாவது துப்பாக்கி விவகாரங்களைப் பார்க்கும் ஃபெடரல் ஆபீஸ், ஆராய்வதற்குப் பணம் செலவிடக் கூடாது என்று காங்கிரஸ் பட்ஜெட்டில் எழுதிவந்தது. சட்டம் உண்டு, ஆபீஸ் உண்டு, மனுவைப் பிரிக்க மட்டும் காசு இல்லை. 2002-இல் பீன் வழக்கில், இப்படிக் கிடப்பில் போடுவது மறுப்பு ஆகாது, ஆகவே மேல்முறையீடும் கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் ஃபெடரல் அரசின் நீதி இலாகா அந்த அதிகாரத்தை ஏடிஎஃப்பிடமிருந்து எடுத்து, தன் தலைவரான அட்டர்னி ஜெனரலிடமே வைத்துக்கொண்டது. ஜூலையில் யாருக்குக் கொடுக்கலாம் என்ற விதிகளின் வரைவும் வந்தது. இந்த வழி அகலமாகுமா, அடுத்த ஆட்சியில் மூடுமா என்று இப்போதே பந்தயம் கட்ட நான் தயாரில்லை. கிடைத்தாலும் அது ஃபெடரல் பூட்டை மட்டும்தான் திறக்கும். டெக்சாஸின் வீட்டுக்குள் மட்டும் என்ற விதி அப்படியே இருக்கும், கடைக்கு அது போதாது.

இன்னொரு ஆட்டம் கோர்ட்டுகளில். துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் நாட்டின் பழைய சட்ட மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று 2022-இல் சுப்ரீம் கோர்ட்டின் ப்ரூயன் தீர்ப்பு வந்த பிறகு, வன்முறையே இல்லாத குற்றத்துக்காக ஒருவரை ஆயுள் முழுதும் தடைசெய்வது செல்லுமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. பென்சில்வேனியாவில் 1995-இல் உணவு உதவிக்காக வருமானத்தைத் தப்பாகக் காட்டிய ஒருவர் விஷயத்தில், அந்த மண்டலத்துக்கான ஃபெடரல் அப்பீல் கோர்ட்டான மூன்றாவது சர்க்யூட் 2023-இலும் மறுபடி 2024 டிசம்பரிலும் தடை செல்லாது என்றது. ரேஞ்ச் வழக்கு என்று எல்லோரும் இதைத்தான் காட்டுவார்கள். அண்ணனுக்குப் பொருந்தும்போல இருக்கிறதே என்று உங்களுக்கும் தோன்றும். ஆனால் டெக்சாஸ் வருவது ஐந்தாவது சர்க்யூட்டின் கீழ். 2024-இல் டியாஸ் வழக்கில் அந்தக் கோர்ட், வண்டித் திருட்டில் தண்டனை பெற்றவருக்குத் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. திருட்டுக்கு அந்தக் காலத்தில் கடும் தண்டனை இருந்தது என்பது அவர்கள் வாதம். வழக்குக்கு வழக்கு பார்க்கும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்தான். ஆனாலும் பண விவகாரக் குற்றம் திருட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதில் அண்ணன் தலை உருளும். சொந்தச் செலவில், பதினைந்து வருஷத்தைப் பணயம் வைத்து, அவர் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

அண்ணி பெயரில் வாங்குவது பற்றி. அண்ணிக்குத் தடை எதுவும் இல்லையென்றால், தனக்காக அவர் தாராளமாக வாங்கலாம். அண்ணனுக்காக, அண்ணன் காசில், தனக்கு என்று படிவத்தில் எழுதி வாங்கினால் அது ஸ்ட்ரா பர்ச்சேஸ். 2022 சட்டத்தில் அதற்குத் தனிக் குற்றமே உருவாக்கியிருக்கிறார்கள், அதுவும் பதினைந்து வருஷம் வரை. அண்ணி தனக்காகவே வாங்கினாலும், வாங்கியதை அண்ணன் கை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பெட்டியின் சாவியோ எண்ணோ அவருக்குத் தெரியக் கூடாது. கையில் தொடாவிட்டாலும், எடுக்க முடியும் என்ற நிலையும் எடுக்கும் எண்ணமும் இருந்தால் அவர் வசம் இருப்பதாகவே சட்டம் எண்ணும். கணவனும் மனைவியும் மாறி மாறி நிற்கும் கல்லாவுக்குக் கீழே அதை வைத்துவிட்டு, அது அவளுடையது என்று சொன்னால் எந்த ஜூரியும் சிரிக்கும். அண்ணி கடையில் இருக்கும்போது தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, போகும்போது எடுத்துக்கொண்டு போவதுதான் சுத்தமான வழி.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. ஊரில், அதாவது இந்தியாவிலோ இலங்கையிலோ பெற்ற தண்டனை இந்த ஃபெடரல் தடைக்குக் கணக்கில் வராது. ஜப்பானில் தண்டிக்கப்பட்ட ஒருவர் வழக்கில் 2005-இல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத் தண்டனையே இல்லாவிட்டாலும் தடை உண்டு, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகளைத் தவிர. குடிமகன் அல்லாதவருக்குத் துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலுக்கும் காரணமாகலாம்.

அண்ணன் முதலில் செய்ய வேண்டியது வக்கீலுக்குப் பணம் கட்டுவதுகூட இல்லை. வழக்கு ஹாரிஸ் கவுண்டியில் நடந்திருந்தால் ஹூஸ்டன் டவுன்டவுனில் இருக்கும் டிஸ்ட்ரிக்ட் கிளர்க் அலுவலகத்துக்குப் போய், வழக்கு எண்ணைச் சொல்லி, 2011-இல் வந்த உத்தரவும் 2016-இல் ப்ரொபேஷன் முடித்த உத்தரவும் சான்றிட்ட நகலாகக் கேட்கட்டும். 2016 காகிதத்தில், தீர்ப்பை ரத்து செய்கிறேன் என்ற பத்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2011 காகிதத்தில் பார்க்க வேண்டியது தலைப்பை. டெக்சாஸில் இரண்டு வேறு விஷயங்களைச் சனங்கள் ப்ரொபேஷன் என்ற ஒரே பெயரில் சொல்கிறார்கள். ஒன்று, குற்றவாளி என்று தீர்ப்பளித்துச் சிறைக்குப் பதிலாகக் கொடுப்பது. மற்றது, தீர்ப்பே சொல்லாமல் தள்ளிவைத்து, ஒழுங்காக முடித்தால் வழக்கைக் கைவிடுவது; அதற்கு டிஃபெர்டு அட்ஜுடிகேஷன் என்று பெயர். வன்முறை இல்லாத முதல் பண வழக்குகளில் இது சகஜம். அதை வெற்றிகரமாக முடித்தவரை இந்தத் துப்பாக்கிச் சட்டங்களுக்குப் பொதுவாகத் தண்டனை பெற்றவராகவே எண்ணுவதில்லை, மாநிலமும் சரி, ஃபெடரலும் சரி. குடியேற்றச் சட்டம் மட்டும் வேறு விதமாகப் பார்க்கும், ஆனால் அண்ணன் குடிமகன். அந்தக் காகிதத்தின் தலைப்பில் அந்த இரண்டு சொற்கள் இருந்தால், நான் மேலே எழுதியதில் முக்கால்வாசி அவருக்கானதே இல்லை. அப்போதும் கடைக்குத் துப்பாக்கி வாங்கும் முன் ஒரு கிரிமினல் வக்கீலிடம் அந்த இரண்டு நகல்களையும் காட்டி, எழுத்தில் ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.